பாக்கி இருந்த இழவு

உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து சங்கிரயா ஊருக்குத் திரும்பிய மொரோவாவுக்கு வந்த முதல் தொல்லை, எல்லா ஆட்டத்திலும் அவன் ஜெயிக்க ஆரம்பித்ததுதான்.

பந்து அவன் காலுக்கு வந்தால் போதும், எதிரணிப் பையன்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். கோல் காப்பவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வான். அவன் காலில் செருப்பே இருக்காது. மொரோவா நடந்தே போய்ப் பந்தை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினால் இரண்டு அணியும் சேர்ந்து கைதட்டும். பத்து வயதில் இந்த ஊரில் அவனை ஆட்டத்துக்கே சேர்த்துக்கொண்டதில்லை. பந்து பொறுக்கத்தான் அனுப்புவார்கள். இப்போது பதினாறு வயதிலும் அவன் ஆட்டம் ஒன்றும் தேறவில்லை. அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

ஓடையில் தண்ணீர் மொள்ளும் பெண்கள் அவனுக்கு வழிவிட்டார்கள். அப்பா வயதுக்காரர்கள் எழுந்து உட்கார இடம் கொடுத்தார்கள். சந்தையில் ஒரு மாம்பழத்தை அவன் கொஞ்ச நேரம் பார்த்தால் அது அவன் கைக்கு வந்துவிடும். சங்கிரயா ஊர்த் தலைவருக்கே இவ்வளவு உபசாரம் நடந்ததில்லை. அவர் இரண்டு மாம்பழத்தைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோய்க் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இதற்குப் பெயர் மரியாதை இல்லை, பயம். கலகக்காரர்கள் பிடித்துக்கொண்டு போன பையன், ஆறு வருஷம் காட்டில் துப்பாக்கி தூக்கியவன், எந்த நேரத்தில் என்ன செய்வானோ என்ற பயம். கபாலா நகரத்தில் இந்த மாதிரிப் பையன்களுக்கென்று இருந்த முகாமில் அவனை நல்லவனாக்கித்தான் அனுப்பியிருந்தார்கள். அங்கே ஓர் அக்கா தினமும் அவனிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்து, மனதில் இருப்பதை வரையச் சொல்வாள். அவன் தினமும் கோழி வரைவான். கோழி வரைந்தால் அக்கா சந்தோஷப்படுவாள், சீக்கிரம் சாப்பிடப் போகலாம். மனதில் இருந்தது வேறு என்பதை அவனும் சொல்லவில்லை, கோழியும் சொல்லவில்லை.

ஊர்க்காரர்கள் பயந்ததைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது ஒன்றுதான். யேபு அவனைத் திட்டவில்லை.

மொரோவா தொரோங்கா குலம், யேபு கார்போ குலம். இந்த இரண்டு குலத்தாரும் ஒருவருக்கொருவர் சனாக்கு. சனாக்கு என்றால் பார்த்த இடத்தில் கேலி பேச வேண்டும், வாய்க்கு வந்தபடி, எங்கள் வீட்டு அடிமை என்றுகூட, திட்ட வேண்டும், கேட்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, சுடச்சுடத் திருப்பித் திட்ட வேண்டும். ஒருவர் பொருளை இன்னொருவர் பிடுங்கிக்கொண்டு ஓடலாம். அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு சாகலாம். சனாக்கு மேல் மட்டும் கை ஓங்கக் கூடாது. ஊருக்கு ஊர், சந்தைக்குச் சந்தை இதுதான் நடப்பு.

யேபு சந்தையில் சோற்றுக்கடை போட்டிருந்தாள். குட்டையான, உரல் இடித்து உரமேறிய கைகள் கொண்ட பொம்பளை. மொரோவா சின்னப் பையனாக இருந்தபோது அவன் தலை தெரிந்தால் போதும், "அவரைக்கொட்டைத் தின்னி வருது, காத்தடிக்கிற பக்கம் நிக்காதீங்க" என்று அவள் குரல் கொடுக்க, சந்தையே மூக்கைப் பொத்திக்கொள்ளும். தொரோங்காக்கள் அவரைக்கொட்டை தின்று தின்றே வயிறு ஊதியவர்கள் என்பது கார்போக்களின் கண்டுபிடிப்பு. கார்போக்கள் நாய்த் தட்டில் திருடித் தின்பவர்கள் என்பது தொரோங்காக்களின் கண்டுபிடிப்பு. அப்படிப்பட்டவள் இப்போது அவனைக் கண்டால் எழுந்து நிற்கிறாள். "நல்லா தூங்கினீங்களா தம்பி, சாப்டீங்களா?" என்கிறாள்.

அவள் வாயைக் கிளற அவன் படாதபாடு பட்டான். முதலில் அவளுடைய கோழி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடினான். ஓடினான் என்பது சரியில்லை. துரத்துவார்கள் என்று நின்று நின்று போனான். சாயங்காலம் அவள் இன்னொரு கோழியை மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள், அந்த முதல் கோழி கொஞ்சம் வயதானதாம். அடுத்த வாரம் அவள் தலைத்துணியை உருவித் தன் தலையில் கட்டிக்கொண்டு சந்தை முழுக்க இடுப்பை ஆட்டி நடந்தான். "நிறம் உங்களுக்கு எடுப்பா இருக்கு தம்பி" என்றாள் யேபு. அவள் கடலைக் குழம்பில் ஒரு பிடி உப்பை அள்ளிக் கொட்டினான். அவள் அதில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, "உப்பு கொஞ்சம் கம்மியாத்தான் இருந்துது" என்றாள். அன்றைக்கு வாங்கித் தின்ற எல்லோரும் அதையே சொன்னார்கள்.

அப்பா செத்த பிறகு வீட்டைப் பார்த்துக்கொண்ட அவன் அண்ணன் சாயோன் நல்லவன், உழைப்பாளி, பொய் சொல்லத் தெரியாதவன். ஒரு நாள் இருவரும் வாசலில் சோடா மூடிகளைக் காய்களாக வைத்துக் கட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சாயோன் கண்ணெதிரே இருந்த வெற்றியை விட்டுவிட்டுத் தன் மூடிகளை ஒவ்வொன்றாகத் தம்பிக்கு வெட்டுக் கொடுத்தான்.

"ஏண்ணே தோக்குற?" என்றான் மொரோவா.

"நீ நல்லா ஆடுறடா."

"நான் நல்லா ஆடலை. எனக்கு ஆட்டமே மறந்துபோச்சு. நீயும் என்னைப் பாத்துப் பயப்படுறியா?"

சாயோன் மூடிகளைக் கலைத்தான். "பயம்னு இல்லடா. உன்னைப் பொதைச்சுட்டோம், தெரியுமா? நீ போயி ரெண்டு வருஷம் கழிச்சு, செத்துட்டேன்னு சேதி வந்துது. உன் சட்டையை வெச்சுத்தான் இழவு பண்ணினோம். பொதைச்ச ஆளு எதிர்ல உக்காந்து காய் நகத்தினா எப்படி இருக்கும்?"

இது மொரோவாவுக்குப் புதுச் செய்தி. தன் இழவு எப்படி நடந்தது என்று கேட்கக் கிடைப்பது எல்லோருக்கும் வாய்க்காது. எத்தனை பேர் வந்தார்கள், யார் ரொம்ப அழுதார்கள் என்றெல்லாம் ஆசையாக விசாரித்தான். கடைசியில் கேட்டான்: "யேபு எப்படி நடிச்சா?"

கேட்காமல் இருக்க முடியாது. இழவு வீட்டில் செத்தவனைப் போல நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பது சனாக்குவின் கடமை. செத்தவன் நடை, பேச்சு, திருட்டுத்தனம் எல்லாம் அதில் வர வேண்டும். அது முடிந்தால்தான் அவன் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தான் என்று அர்த்தம்.

"நடிக்கலைடா" என்றான் சாயோன். "வந்து உக்காந்தா. வாயே தொறக்கலை. பாவம், அவளுக்கும் அப்ப கஷ்டகாலம். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் கலகக்காரங்க ஊருக்குள்ள வந்து அவ நெல்லு சேத்து வெச்சிருந்த குதிருக்குத் தீ வெச்சுட்டுப் போயிருந்தாங்க. நாங்க எல்லாம் காட்டுல ஒளிஞ்சிருந்தோம். அவ மட்டும் உப்பு எடுக்கத் திரும்பி வந்து மாட்டிக்கிட்டா. அந்த மழைக்காலத்துலதான் பட்டினியில அவ கடைக்குட்டி ஃபினா செத்துப்போனா."

மொரோவா எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான்.

அந்தக் குதிருக்குத் தீ வைத்தது அவன்தான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. பின்னால் தளபதி நின்றான், எதிரே யேபு நின்றாள். அவனும் யேபுவும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி இருந்தார்கள். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டிருந்தால் அவளைக் கொன்றிருப்பார்கள். அவள் திரும்பிப் போய் யாரிடமும் சொல்லவில்லை. அவன் உயிரோடு இருப்பது தெரிந்தவளால் செத்தவனாக நடிக்க முடியவில்லை, அதனால்தான் ஊர் நடத்திய இழவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். குதிர் எரிந்தது வரைக்கும் அவன் கணக்கில் இருந்தது. ஃபினா அவன் கணக்கில் இருந்ததில்லை.

அந்த வாரமே ரேஸர் வந்தான். காட்டில் மொரோவாவுக்கு மேலதிகாரியாக இருந்தவன், இப்போதும் இருபதைத் தாண்டாதவன், சண்டைக் காலத்துப் பெயரையே இன்னும் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு லாரியில் பையன்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கச் சுரங்க வேலை என்றான். அந்தப் பக்கம் லைபீரியா, அங்கே சண்டை இன்னும் ஓயவில்லை, என்ன சுரங்கம் நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"இங்க உனக்கு என்ன இருக்கு?" என்றான் ரேஸர். "எல்லாரும் கும்பிடுறாங்க, ஒருத்தனும் பக்கத்துல வரலை. அங்கயாவது நாம நாலு பேரு ஒண்ணா இருப்போம். சந்தை அன்னிக்கு வருவேன். ஏறிக்க."

மொரோவாவுக்கு மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. ஒன்றே ஒன்று முடிவு செய்துகொண்டான். சந்தை நாளில் லாரி வருவதற்குள் யேபு அவனைத் திட்டினால் இருப்பது, இல்லாவிட்டால் ஏறிவிடுவது.

சந்தை நாள் காலையில் அவன் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். யேபுவின் கடைக்கு நேர் எதிரே, வெங்காயக்காரிக்கும் மீன்காரிக்கும் நடுவில் அதை விரித்தான். மல்லாந்து படுத்தான், வெள்ளைத் துணி ஒன்றைத் தலைமுதல் கால்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டான். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மீன்காரி தன் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"தம்பி" என்றது யேபுவின் குரல். "எந்திரிங்க. துணி அழுக்காவுது."

"பொணத்துக்கு என்ன அழுக்கு" என்றான் துணிக்குள்ளிருந்து. "நான் செத்து நாலு வருஷம் ஆச்சு. முன்னோருங்க வீட்டு வாசல்ல நிக்கிறேன். உள்ள விட மாட்டேங்கிறாங்க. உன் சனாக்கு வந்து நடிச்சாளான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். போயி அவளைக் கூட்டிட்டு வான்னு தொரத்திட்டாங்க. நீ பண்ண வேண்டியதைப் பண்ணாம நான் எந்திரிக்க மாட்டேன்."

கூட்டம் சேர்ந்தது. துணி வழியாக நிழல்கள் தெரிந்தன. எங்கேயோ ஒரு கிழவர் களுக்கென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்குப் பயந்து இருமினார். சாயோன் வந்து காதருகே குனிந்து, "மானத்தை வாங்காதடா" என்றான்.

"அண்ணே, பொணத்துகிட்ட பேசக் கூடாது. ஓரமா நின்னு அழு."

இந்த முறை சிரிப்பு கொஞ்சம் தைரியமாக வந்தது. யேபு போய்விட்டாள் போலிருந்தது. வெயில் ஏறியது. ஈ ஒன்று அவன் கால் கட்டைவிரலில் உட்கார்ந்து ஊரைச் சுற்றிப் பார்த்தது. பிணமாக இருப்பது நினைத்த அளவுக்குச் சுலபமில்லை என்று அவனுக்குப் புரிந்தது.

திடீரென்று கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் துணியின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தான்.

யேபு வந்திருந்தாள். இடுப்புத் துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டி, வயிற்றில் ஒரு மூட்டையைச் செருகி, மூக்கை உறிஞ்சியபடி குதிகால் படாமல் நடந்து வந்தாள். பத்து வயது மொரோவா அச்சாக அப்படித்தான் நடப்பான். ஒவ்வொரு கடையாக நின்று, "ருசி பாக்க ஒரே ஒரு கரண்டி" என்று கை நீட்டினாள். ஓர் ஆட்டைக் கண்டு அலறியடித்து மீன்காரியின் பின்னால் ஒளிந்தாள். ஒளிந்த இடத்தில் வாயாலேயே சத்தமாகக் காற்றுப் பிரித்துவிட்டு, மீன்காரியைக் குற்றம் சாட்டும் பாவனையில் பார்த்தாள். சந்தை புரண்டு புரண்டு சிரித்தது. துணிக்குள் பிணமும் குலுங்கியது.

பிறகு அவள் உலக்கையை எடுத்துத் தோளில் வைத்தாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. யேபு நிறுத்தவில்லை. உலக்கை பையனைவிடப் பெரியது, இழுத்து இழுத்துத்தான் வர முடிந்தது. அவள் போட்டிருப்பதாகப் பாவித்த கால்சட்டை வேறு பெரியது, இடுப்பில் நிற்கவில்லை. குறி பார்க்க உலக்கையைத் தூக்கினால் கால்சட்டை இறங்கியது. கால்சட்டையைப் பிடித்தால் உலக்கை இறங்கியது. "கையத் தூக்கு, சுட்டுருவேன்" என்று கீச்சுக் குரலில் மிரட்டிவிட்டு, அவசரமாகக் கால்சட்டையைப் பிடித்தாள். யாரோ மூக்கால் சிரித்தார்கள். அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர், பிறகு எல்லோரும். மொரோவா துணியை வாயில் கடித்துக்கொண்டான். அவன் அப்படித்தான் இருந்தான். ஆறு வருஷம் அவனைப் பார்த்து நடுங்கியவர்களில் ஒருவர் கண்ணிலும் அந்தக் கால்சட்டை பட்டதில்லை.

யேபு இல்லாத தீப்பெட்டி ஒன்றை எடுத்தாள். ஒரு குச்சியை உரசினாள். அது அணைந்தது. பின்னால் நிற்கும் யாரையோ பயத்தோடு திரும்பிப் பார்த்தாள். இன்னொன்றை உரசினாள், அதுவும் அணைந்தது. இன்னொன்று. அதை உயர்த்திப் பிடித்தபடியே நின்றாள்.

"இதுக்கு மேல எனக்கு வரலை" என்றாள்.

மொரோவா துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்தான். "மிச்சம் எனக்குத் தெரியும்" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னான். "அந்தக் குச்சி அணையலை. யேபுவோட குதிருக்குத் தீ வெச்சது நான்தான்."

சாயோன் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்தான். மற்றவர்கள் எல்லோரும் யேபுவைப் பார்த்தார்கள்.

"பெருசா சேதி சொல்ல வந்துட்டான்" என்றாள் யேபு. "நான் என்ன குருடியா? பக்கத்துலதானே நின்னேன்." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. "உன்னைப் பாத்து எனக்குப் பயம்னு இந்த ஊரு நினைச்சுது. உன்னைப் பாத்து எனக்கு என்னடா பயம்? என் வாயைப் பாத்துத்தான் பயம். உன்னைத் திட்ட வாயத் தொறந்தா முதல்ல ஃபினா பேருதான் வரும்னு தெரியும். அது விளையாட்டு இல்ல. விளையாட்டு இல்லாததை சனாக்குகிட்ட பேசக் கூடாது. அதான் நல்லா தூங்கினீங்களா, சாப்டீங்களான்னு கெடந்தேன். என் நாக்கே அழுகிப்போச்சு."

"இப்ப பேசு" என்றான் மொரோவா. அவனும் அழுதுகொண்டிருந்தான், மூக்கு ஒழுகியது. "என்ன வேணா பேசு."

"பேசிட்டேனே. ஃபினாவுக்கு அழுவுறது என் பாடு. அதுல உனக்குப் பங்கு கிடையாது, எடுத்துக்க வராத. குதிரு உன் பாடு. நாளைக்கு வந்து கட்டு."

லாரியின் ஹார்ன் அடித்தது. சந்தையின் ஓரத்தில் ரேஸர் குதித்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "என்னடா கூத்து இது? ஏறு, நேரமாச்சு."

மொரோவா வாய் திறக்குமுன் யேபு உலக்கையை நடுவில் ஊன்றி நின்றாள்.

"இவன் பொணம்" என்றாள். "இப்பதான் இழவு முடிச்சேன், சூடு கூட ஆறலை. பொணத்தைக் கூட்டிட்டுப் போயி எந்தச் சண்டைய ஜெயிக்கப் போற? அப்படியே வேணும்னாலும் கேட்டுக்க, இவன் கார்போ வீட்டு அடிமை. இவன் தாத்தனும் எங்க அடிமை. அவரைக்கொட்டை தின்னே வளந்த வயிறு. மூடின லாரியில இவனை ஏத்தினேன்னா எல்லையைத் தாண்டுறதுக்குள்ள உன் ஆளுங்க மொத்தமும் மூச்சு முட்டிச் செத்துருவாங்க. எதிரிக்குத் தோட்டா மிச்சம்."

மீன்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுத்து வெங்காயக்காரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சந்தை மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. ஊர்த் தலைவரும் பொத்திக்கொண்டார், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"ஒரு பொம்பளை இப்படிப் பேசுறா, கேட்டுட்டு இருக்கியேடா" என்றான் ரேஸர்.

"என் சனாக்கு" என்றான் மொரோவா. "கோவிச்சுக்கக் கூடாது."

ரேஸர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். யாராவது தன்னையும் ஒரு வார்த்தை திட்டுவார்களா என்று பார்ப்பவன் போல எல்லோர் முகத்தையும் பார்த்தான். எல்லோரும் அவனுக்கு மரியாதையாக வழிவிட்டார்கள். அவன் போய் லாரியில் ஏறிக்கொண்டான்.

லாரிப் புழுதி அடங்கியதும் யேபு வயிற்றிலிருந்த மூட்டையை உருவிப் போட்டுவிட்டு மொரோவாவைப் பார்த்தாள். "என்ன, வாங்கிக் கட்டிக்கிட்டுச் சும்மா நிக்கிற? பதில் எங்க?"

மொரோவா யோசித்தான். ஆறு வருஷத்தில் அவன் கற்ற வசவுகளுக்குக் கணக்கே இல்லை. அவை எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஆளைக் கொல்வதற்கு முன்னால் சொல்கிற வசவு. ஒன்றும் இதற்கு உதவாது. கூட்டம் காத்திருந்தது.

"உன் சோறு..." என்றான். "உன் சோறு நல்லா இல்ல."

சந்தையே அவனுக்காக வெட்கப்பட்டுப் பெருமூச்சு விட்டது.

"இதுக்குப் பேரு திட்டா?" என்றாள் யேபு. "தொரோங்கா குலத்துக்கே கேவலம். உன் அப்பன் கேட்டிருந்தா இன்னொரு தடவை செத்திருப்பான். போ. நாளைக்கு வேலைக்கு வரும்போது இதைவிட நல்லதா ஒண்ணு யோசிச்சுட்டு வா."

மொரோவா பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். வழியில் இரண்டு பேர் நலம் விசாரித்தார்கள். அவன் கவனிக்கவே இல்லை, உதட்டை அசைத்து அசைத்து யோசித்துக்கொண்டே போனான்.